பதிவேடு படித்தவர் எழுதிய வரலாறு

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே ஒரு வாசம் வந்துவிடும். பெரிய வகுப்புப் பையன்கள் வேலியோரம் போய்க் கோவை இலை பறித்து வருவார்கள். அதை அடுப்புக்கரியோடு அரைத்துக் கரும்பலகையில் பூசுவோம். தரையைச் சாணி போட்டு மெழுகுவார்கள். பச்சிலை வாசமும் சாணி வாசமும் கலந்து நிற்கும் அந்த வகுப்பறையில் மறுநாள் காலை, துவைத்த சட்டையோடு சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்போம். 1970களின் தொடக்கம். குமரி மாவட்டத்துக் கல்குளம் தாலுகாவில், அரசு மானியம் பெறும் ஓர் எய்டட் தொடக்கப் பள்ளி. என் அப்பாதான் அதன் தலைமையாசிரியர்.

வந்தவர் முதலில் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. மேசையில் அடுக்கி வைத்திருந்த பதிவேடுகளைப் பார்த்தார். வருகைப் பதிவேட்டைத் திறந்து, தலைகளை எண்ணினார். பிறகு சேர்க்கைப் பதிவேடு. அப்பா வெட்டி வைத்த இளநீர்க் கருக்கைக் குடிக்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில்தான் நான்காம் வகுப்புக்கு வந்து ஒரு பையனை வாசிக்கச் சொன்னார். போகும்முன் ஆய்வுக் குறிப்பேட்டில் மூன்று வாக்கியம் எழுதினார். அன்று இரவு அப்பா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது இன்றும் நினைவிருக்கிறது: வாசிப்பு திருப்தி, வாய்ப்பாடு போதாது, தெற்குச் சன்னல் பழுது.

அந்தச் சன்னலுக்காக அப்பா இரண்டு ஆண்டு மேனேஜருக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகு வந்த ஆய்வாளரும் அதே சன்னலைப் பற்றி எழுதினார். அந்தக் குறிப்பேடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பள்ளியின் இருபதாண்டு வரலாற்றை ஒருவர் எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, அப்பா இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான். பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்து, பின்னால் கல்வியின் கதையை எழுதிய ஒரு மனிதரைப் பற்றிச் சிந்திக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். அவர் நெ. து. சுந்தரவடிவேலு.

குமரி மாவட்டத்துக்கும் அவருக்கும் பிறப்பால் ஒரு தொடர்பும் இல்லை. 1912இல் காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். காஞ்சியில் பள்ளிப் படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் மேற்படிப்பு. பெரியாரின் கொள்கையில் பிடிப்புள்ளவர். சாதி மறுத்துச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். கல்வித் துறையில் பள்ளி ஆய்வாளராக நுழைந்து, ஊர் ஊராகச் சுற்றி, படிப்படியாக உயர்ந்து 1954இல் பொதுக்கல்வி இயக்குநரானார். காமராசர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றதும் அதே ஆண்டில்தான். மதிய உணவுத் திட்டமும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இந்த இருவரின் காலத்தவை. 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஓய்வுக்குப் பின் ‘நினைவு அலைகள்’ என்ற தன் வரலாற்றை எழுதினார். 1993இல் காலமானார்.

அப்பாவின் தலைமுறை ஆசிரியர்களுக்கு அவர் மேல் தனி மதிப்பு உண்டு. பள்ளிக்கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து பதிவேடு பார்த்த ஒருவர் துறையின் உச்சிக்குப் போனார் என்பது ஒரு காரணம். எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. கல்வி வரலாறு எழுதும் பலர் எண்களைக் கையாள்வார்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று ஆய்வாளருக்குத்தான் தெரியும். இத்தனை பள்ளி, இத்தனை மாணவர் என்று ஆண்டறிக்கை சொல்லும். அந்த மாணவர் தொகையில் எத்தனை பேர் பள்ளிக்கு வரும் பிள்ளைகள், எத்தனை பேர் பதிவேட்டில் மட்டும் இருக்கும் பிள்ளைகள் என்பது, காலை மணி அடித்த பிறகு முன்னறிவிப்பில்லாமல் வாசலில் போய் நின்றவருக்குத்தான் தெரியும். எந்தப் பதிவேட்டை எவ்வளவு நம்பலாம் என்ற அறிவு அது. நூலகத்தில் உட்கார்ந்து அதைச் சம்பாதிக்க முடியாது.

ஆய்வாளர் என்ற பதவி எப்படி வந்தது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று விடை வந்தது. மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம். இந்தக் கணக்கைக் கொடுத்தவர்கள் வரி வசூலிக்கும் அதிகாரிகள். பள்ளிக்குள் போய்ப் பார்த்து எண்ணும் வேலைக்கென்று அப்போது ஆள் கிடையாது. 1854இல் லண்டனிலிருந்து இந்திய ஆட்சியை மேற்பார்த்த சார்லஸ் உட் அனுப்பிய அறிக்கைதான் மாகாணந்தோறும் கல்வித் துறையும் அதில் ஆய்வாளர்களும் வேண்டும் என்றது. தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரலாம்; தந்தால் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். மானியமும் இன்ஸ்பெக்டரும் கூடவே பிறந்தவர்கள்.

பிறகு சென்னை மாகாணத்தில், தேர்வில் பிள்ளைகள் காட்டும் தேர்ச்சியைப் பொறுத்து மானியம் என்ற முறை வந்தது. ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளை தடுமாறினால் வாத்தியாரின் சம்பளம் குறையும். அந்த முறை போய்ப் பல தலைமுறை ஆன பிறகும், இன்ஸ்பெக்டர் என்றால் வயிற்றில் புளி கரைத்த அந்தப் பயம் எங்கள் பள்ளிக்கூடம் வரை மிச்சமிருந்தது. இல்லாத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கத்துக்கும் அந்தப் பயம்தான் தாய். அதற்காக வாத்தியாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர்கள் குறைந்தால் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடமே போய்விடும் என்று கவலைப்பட்ட ஒருவரின் வீட்டில் வளர்ந்தவன் நான்.

இதெல்லாம் சென்னை மாகாணத்தின் கதை. குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர். அங்கேதான் எங்கள் கதை பிரிகிறது.

1817இல் ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தார். உட் அறிக்கைக்கு 37 ஆண்டு முந்தியது. கேரளத்துக் கல்வி நூல்கள் இதைப் பெருமையோடு மேற்கோள் காட்டும். பெருமைக்கு உரியதுதான். ஆனால் அந்த ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும். கோயில் தெருவில் நடக்கவே தடை இருந்தவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்ட அதன் பிறகும் எத்தனையோ ஆண்டு ஆயிற்று. 1859 வரை நாடார் பெண்கள் தோளுக்குச் சீலை போட்டதற்கே அடி வாங்கிய நாடு இது.

அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கு முதலில் திறந்தவை மிஷன் பள்ளிகள். ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் ரிங்கல்தௌபே 1806 முதல் மயிலாடியை மையமாக வைத்து வேலை செய்தார். அவரை அங்கே அழைத்துக்கொண்டு வந்தவர் மயிலாடி வேதமாணிக்கம். அவருக்கு அடுத்த பாதிரியார் சார்லஸ் மீட் 1818இல் வந்தார். நாகர்கோவில் செமினரி அந்த ஆண்டில் தொடங்கியது. பின்னால் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்ததும் அதுதான். 1819இல் வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். அந்தப் பிள்ளைகள் பின்னிய லேஸ் விற்ற காசு பள்ளிக்கு உதவியது. நாகர்கோவில் பக்கம் லேஸ் பின்னும் கைகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்தக் கைத்தொழில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தெருவுக்கு வந்தது என்பது அப்போது தெரியாது.

மீட்டின் வாழ்க்கையில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் உழைத்த அவர், முதுமையில் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டார். உடன் உழைத்த வெள்ளைக்காரர்களால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் மிஷனை விட்டு விலகினார். 1850களின் நடுவில் திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிகளின் மேற்பார்வையாளராக நியமித்தது. சாதி காரணமாகச் சொந்தச் சபையில் இடமிழந்த ஒருவர், சாதி காரணமாகப் பாதிப் பிள்ளைகளை வெளியே நிறுத்திய ஓர் அரசின் பள்ளிகளைப் பார்வையிடப் போனார். ஒவ்வொரு பள்ளி வாசலிலும் அவர் கண் எதைத் தேடியிருக்கும்? குமரிக் கல்வி வரலாற்றில் எழுதப்பட வேண்டிய வாழ்க்கைகளில் இதை நான் முதலில் வைப்பேன்.

மாதவராவ் திவானாக இருந்த காலத்தில், அதாவது 1858க்கும் 1872க்கும் இடையில், அரசின் வட்டாரமொழிப் பள்ளிகள் பெருகின. தனியார் பள்ளிகளுக்கு மானியமும் வந்தது. அதன் பின்னால் இன்ஸ்பெக்டரும் வந்தார். நூற்றாண்டு முடிவதற்குள் தெற்குத் திருவிதாங்கூரில் அரசுப் பள்ளி, மிஷன் பள்ளி, ஆசான் வைத்து நடத்திய குடிப்பள்ளிக்கூடம் என்று மூன்று வகை அருகருகே இருந்தன. குடிப்பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்குப் போவார்கள். பனைக்குப் பஞ்சமில்லாத ஊர். மணலில் எழுதும் இந்த முறையைச் சென்னையில் ஒரு மலபார்ப் பள்ளியில் கண்டுதான், ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1790களில் தன் அநாதைப் பள்ளியில் மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை வகுத்து, இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை அது.

சட்டாம்பிள்ளை என்ற சொல்லின் வேரைச் சிலர் ‘சட்டர்’ என்ற பழஞ்சொல்லில் தேடுவார்கள். அந்தச் சொல் வரும் முக்கியமான செப்பேடு எங்கள் மாவட்டத்தைப் பற்றியது. ஒன்பதாம் நூற்றாண்டில், 866ஆம் ஆண்டு வாக்கில், ஆய் அரசன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், தங்கிப் படிக்க ஒரு சாலையும் அமைத்தான்; சாலை என்றால் அன்று கல்விச்சாலை. காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கே இங்கும் ஒழுங்கு என்றது செப்பேடு. எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம், சேர்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், சண்டை போட்டால் என்ன தண்டம் என்பதெல்லாம் அதில் உண்டு. இன்றைய விளவங்கோடு வட்டாரத்துப் பார்த்திவபுரம்தான் அந்த ஊர். படிக்கும்போது, ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய சேர்க்கை விதிகளைப் பார்ப்பதுபோல இருக்கும். யாருக்கு இடம் உண்டு என்று சொல்லும் பதிவு, யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தமிழில் ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் எங்கள் தேரூர்க்காரர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதியவராகவே அவரைத் தமிழ்நாடு அறியும். முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் சொன்ன ஆசிரியர் அவர் என்பதையும், கல்வெட்டுகளின் நடுவே உட்கார்ந்து பழைய கல்விச்சாலை ஒன்றைத் தேடியவர் என்பதையும் நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. வகுப்பறையில் காலம் கழித்தவருக்குப் பழைய வகுப்பறை எங்கே இருந்தது என்று தேடத் தோன்றுகிறது. சுந்தரவடிவேலுவுக்கும் கவிமணிக்கும் கொள்கையில் எத்தனையோ தூரம். இந்த ஆசையில் இருவரும் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

இனி 1950கள். சுந்தரவடிவேலு இயக்குநரான கதையைக் குமரியில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு ஒரு விலகல் தோன்றும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதிநேரம்தான் பள்ளி. மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, காமராசர் வந்ததும் 1954 மே மாதத்தில் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் அது ஒரு நாற்சந்தி. ஆனால் எங்கள் நான்கு தாலுகாக்களுக்கும் அந்தத் திட்டம் வரவே இல்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். பேப்பரில் படித்ததோடு சரி என்றார். அதே 1954இல் இங்கே மனிதர்கள் வேறொன்றுக்காகத் தெருவில் நின்றார்கள். தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது.

1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மதிய உணவுத் திட்டம் மாநிலத்தில் விரியத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். எங்கள் ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இவை இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எது முன், எது பின் என்று பிரிக்க மாட்டார்கள். காமராசரை அவர்கள் அப்பச்சி என்று சொன்னதில் அந்தச் சோற்றுக்கும் பங்குண்டு. நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த நேசமணியின் மறைவுக்குப் பின் 1969இல் வந்த இடைத்தேர்தலில் காமராசரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதும் இவர்கள்தான்.

பள்ளிக்கூடங்களுக்கு அந்த நவம்பர் ஒரு புதுத் துறை, புதுப் பாடநூல், புது விதி. ஒரு மேலதிகாரியிடம் கணக்குக் கொடுத்தவர் திடீரென்று இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். அதோடு பழைய தாள்களும் இரண்டாகப் பிரிந்தன. மேலிடத்து ஆவணங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலுமாகக் கிடக்க, பள்ளிக்கூட அலமாரியில் இருந்தவை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்று நம் மாவட்டத்தின் கல்வியைப் பற்றி எழுத வருபவர்கள் மிஷன் அறிக்கைகளிலிருந்து ஒரு பாதியையும், திருவிதாங்கூர் அரசின் ஆண்டறிக்கைகளிலிருந்து இன்னொரு பாதியையும் எடுக்கிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் முதலாவது நன்கொடை தந்தவர்களுக்காக எழுதப்பட்டது, இரண்டாவது மன்னருக்காக. எனக்காக யாரும் எழுதவில்லையா என்று வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளை கேட்டால், ஆய்வுக் குறிப்பேட்டையும் சேர்க்கைப் பதிவேட்டையும் தவிரக் காட்டுவதற்கு நம்மிடம் அதிகமாக ஒன்றுமில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே முதலிடம், மாநிலச் சராசரி 80. இந்த எண்ணைச் சொல்லி மேடைகளில் கைதட்டு வாங்குகிறோம். மிஷன் செய்தது என்பார் ஒருவர், மன்னர் செய்தது என்பார் இன்னொருவர். இரண்டு தரப்பிலும் உண்மை உண்டு. என்றாலும் என் மனம் ஒப்பவில்லை. பனையேறியின் மகள், வள்ளக்காரரின் மகன், சாம்பவர் குடியிருப்புப் பிள்ளை என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முதல் பிள்ளை பள்ளிக்கு எந்த ஆண்டு போனது, எந்த வகுப்பில் நின்றது, ஏன் நின்றது என்று தெரியாமல் அந்த 91.75ஐ எப்படி விளக்குவது? அதைச் சொல்லக்கூடியது பதிவேட்டின் கடைசிப் பத்திதான். அதன் தலைப்பு ‘நீங்கிய காரணம்’.

சுந்தரவடிவேலு எழுதியதில் நான் மிகவும் மதிப்பது, அவர் தான் பார்த்ததைத் தன் பெயரில் நின்று சொன்னார் என்பது. ஓர் அரசுத் திட்டத்தின் கதையைக் கோப்புக்குள் முடித்துவிடாமல், மனிதர்களின் கதையாக எழுதினார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் கடிகாரமும் வரைபடமும் கொண்டுவந்து கொடுத்த காலம் அது. அந்தப் பெஞ்சைச் சுமந்து வந்தவரின் பெயர் எந்த அரசாணையிலும் இருக்காது. சுந்தரவடிவேலுவின் நூலில் குறை என்று ஒன்றைச் சொல்வதானால், தன் துறையின் பெருமையை அவர் நேசித்தார்; நேசிப்பவர் கண்ணுக்குச் சில விரிசல்கள் சிறிதாகத் தெரியும். அதைச் சொன்ன பிறகும், குமரிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு மிஞ்சுகிறது. இரண்டு அரசுகளின் கீழும் பதிவேடு பார்த்த ஆய்வாளர்கள் இங்கே இருந்தார்கள். இரண்டு மொழிப் பதிவும் படித்தவர்கள். விளவங்கோடு பக்கம் இன்றும் மலையாள வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அந்த ஆய்வாளர்கள் ஓய்வுபெற்றார்கள். அவர்களுடைய நினைவு பேரப்பிள்ளைகளிடம் சொன்ன கதைகளோடு நின்றுபோயிற்று.

அப்பாவின் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்று தப்பியிருக்கிறது. இப்போதைய தலைமையாசிரியை அனுமதி தந்தார். சனிக்கிழமைதோறும் போய் அதைப் பக்கம் பக்கமாக எழுதி எடுத்து வருகிறேன். முதல் பக்கங்களில் எல்லாம் திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. 1098 இடவம், 1101 மிதுனம் என்று போகும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824ஐக் கூட்ட வேண்டும், ஆங்கிலப் புத்தாண்டு பிறந்துவிட்டால் 825. அப்பா இதை விரல் மடக்காமல் சொல்வார். நான் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போடுகிறேன். பாதிப் பதிவுகள் மலையாள எழுத்தில் இருக்கின்றன. அதற்குத் தெருமுனை வீட்டு அக்கா உதவுகிறார். ‘நீங்கிய காரணம்’ என்ற பத்தியில் பல இடங்களில் ஒரே சொல்: வறுமை. சில இடங்களில் ‘பனையேற்று’, ‘கடலுக்குப் போனான்’. ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே அடுத்தடுத்து ‘வயது வந்தது’ என்று எழுதியிருக்கிறது, ஒரே கையெழுத்தில். 1132ஆம் ஆண்டுத் துலாம் மாதத்துக்குப் பிறகு தேதி ஆங்கில ஆண்டுக்கு மாறுகிறது. மையும் மாறுகிறது. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே யாரோ ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருக்கிறார்.

இதுவரை பத்தொன்பது பக்கம் முடிந்திருக்கிறது. இருபதாம் பக்கத்தைக் கரையான் பாதி தின்றுவிட்டது. மீதியில் ஒரு பெண்பிள்ளையின் பெயரும், தகப்பன் தொழில் பனையேற்று என்பதும், சேர்ந்த வகுப்பு ஒன்று என்பதும் தெரிகின்றன. நீங்கிய காரணம் இருந்த ஓரம் இல்லை.